ஊவாவில் மனமாற்றமும் சமாதானமும்: தோட்டத்துக்கும் நாட்டுக்கும் இடையில் ஒரு வரலாறு

சமாதானம் சட்டத்தாலும் உடன்படிக்கையாலும் கட்டப்படுவதா, மனித உள்ளத்தில் நிகழும் மாற்றத்தால் கட்டப்படுவதா என்ற விவாதம் மிகப் பழையது. 1986ஆம் ஆண்டு ஸ்பெயினின் செவில் நகரில் கூடிய பன்னாட்டு அறிவியலாளர் குழுவொன்று, போர் மனித உடலியல்பில் எழுதப்பட்ட விதியன்று என்றும், போரைக் கண்டுபிடித்த அதே மனித இனத்தால் சமாதானத்தையும் கண்டுபிடிக்க முடியும் என்றும் அறிவித்தது. அந்த அறிக்கையை 1989இல் யுனெஸ்கோ நிறுவனம் ஏற்றுப் பரப்பியது. மனிதன் இயல்பிலேயே இரக்கமுள்ளவன் என்பதை அறிக்கை நிறுவிவிடவில்லை. கொடுமை தவிர்க்க முடியாதது என்ற சாக்குப்போக்கை மட்டுமே அது நீக்கியது. எஞ்சிய கேள்விக்கு, அதாவது இரக்கம் எந்தச் சூழலில் தழைக்கிறது, எந்தச் சூழலில் தோற்கிறது என்ற கேள்விக்கு, வரலாறுதான் விடை சொல்ல வேண்டும். இலங்கையின் ஊவா மாகாணம் அதற்குப் பொருத்தமான களம். ஏனெனில் இந்நாட்டில் மனமாற்றத்தின் வழியாகச் சமாதானம் தேடிய மிக ஆழமான முயற்சிகளில் சிலவும், இரக்கம் முற்றாகக் கைவிட்ட மிகக் கொடிய நிகழ்வுகளில் ஒன்றும் இதே மாகாணத்தில், ஒரே தலைமுறையின் காலத்துக்குள் நிகழ்ந்தன.

ஊவா இரு வேறு நிலங்களால் ஆனது. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, பசறை, லுணுகலை, நமுனுகுல ஆகியவை அடங்கிய மேல் ஊவா, தேயிலை மூடிய மலைநாடு. மொனராகலை, புத்தல, கதிர்காமம் வரை இறங்கும் கீழ் ஊவா, வெல்லஸ்ஸ என்று வழங்கப்படும் வறண்ட சமவெளி. இலட்சம் வயல்கள் என்று பொருள்படும் பெயரைக் கொண்ட அந்நிலம் எவ்வாறு வறுமைக்குள் விழுந்தது என்பதை அறியாமல், மேலே தேயிலைத் தோட்டங்கள் எழுந்தபோது அவற்றைச் சூழ்ந்திருந்த சிங்களக் கிராமங்களின் மனநிலையைப் புரிந்துகொள்ள முடியாது.

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியரிடம் வீழ்ந்த இரண்டே ஆண்டுகளில் ஊவா, வெல்லஸ்ஸப் பகுதிகளில் பெருங்கிளர்ச்சி மூண்டது. கண்டியின் கடைசி அரசவம்சமான, தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்கர் குலத்தைச் சேர்ந்த துரைசாமி தானே என்று சொல்லிக்கொண்ட வில்பாவே என்ற முன்னாள் பிக்குவே அரியணைக்கு உரிமை கோரி எழுந்தார். சிங்களக் கிராமத்தவர் அந்தப் பெயரின் பின்னே திரண்டனர். அரசனின் தாய்மொழி எது, அவன் முன்னோர் எந்தக் கரையிலிருந்து வந்தனர் என்பவை அந்நாளைய ஊவா விவசாயிக்குத் தடையாக இருக்கவில்லை என்பது இன்று ஊன்றி நோக்கத்தக்கது. பதுளையில் பிரித்தானிய அதிகாரியாக இருந்த சில்வெஸ்டர் வில்சன் கொல்லப்பட்டதும், கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட ஊவாத் திசாவை கெப்பெட்டிப்பொல (திசாவை என்பது மாகாணத் தலைமை அதிகாரியின் பதவிப்பெயர்) கிளர்ச்சியாளரோடு சேர்ந்துகொண்டதும், 1818 நவம்பரில் அவர் கண்டியில் தலை துண்டிக்கப்பட்டதும் பலரும் அறிந்தவை. அவற்றைவிடக் கிராமங்களைப் பாதித்தது கிளர்ச்சியை அடக்கிய முறை: வீடுகள் எரிக்கப்பட்டன, பயிர்களும் கால்நடைகளும் அழிக்கப்பட்டன, பஞ்சமும் நோயும் தொடர்ந்தன. வெல்லஸ்ஸ அதன் பின்னர் பழைய நிலைக்கு மீளவேயில்லை.

இந்தக் காயத்தின் மேல்தான் தோட்டங்கள் நடப்பட்டன. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப்பத்திரம் காட்ட முடியாத காடுகளையும், காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் சேனை நிலங்களையும் அரசுடைமை என்று கொள்ள வழிசெய்தது. அவை கோப்பிப் பயிர்ச்செய்கைக்கு விற்கப்பட்டன. சிங்கள விவசாயி தன் மேய்ச்சல் நிலத்தையும் விறகுக் காட்டையும் இழந்தான். அந்த நிலத்தில் கூலிக்கு நிற்பதற்கு அவன் இசையாதபோது, தமிழகத்தின் பஞ்சக் கிராமங்களிலிருந்து கங்காணி என்ற ஆட்சேர்ப்பு முகவரின் வழியாகக் கடன் சுமையோடு தமிழர் கொண்டுவரப்பட்டனர். 1869 முதல் கோப்பியை இலைநோய் அழித்தது, தேயிலை வந்தது, 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று, 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளையின் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார், 1924இல் ரயில் பாதை பதுளையைத் தொட்டது. இத்தனை மாற்றங்களிலும் மாறாமல் நின்றது, ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான ஓரறையில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்த லயன் குடியிருப்பு. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை அறைகள், முன்னே ஒடுங்கிய தாழ்வாரம், அதன் ஓரத்திலே அடுப்பு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்துக்குச் செல்லும் படிக்கட்டு என்ற அந்த அமைப்பு, மனிதரை உழைப்புக் கருவிகளாக மட்டுமே கண்ட ஒரு கணக்கின் கட்டட வடிவம்.

தோட்டத்துத் தமிழர் சுற்றியுள்ள சிங்களக் கிராமத்தை நாடு என்றே குறித்தனர். தோட்டமும் நாடும் ஒரே ஓடையின் இரு கரையில் இருந்தும் ஒன்றையொன்று அறியாதிருந்தன. தம் நிலத்தைப் பறித்தவன் தோட்டத்துரை என்பதைக் கிராமத்தவர் அறிந்திருந்தனர். ஆனால் கண்ணெதிரே அந்த நிலத்தில் நின்றவர் தமிழரே. தோட்டத்தவருக்கோ வேலி கடந்து செல்ல நேரமும் இல்லை, உரிமையும் இல்லை. பிற்காலத்தில் இனப்பகை என்று பெயர் பெற்றதன் ஒரு வேர் இங்கே இருக்கிறது: இரு தரப்பாரும் ஒரே பொருளாதார ஒழுங்கினால் பாதிக்கப்பட்டனர், ஆயினும் ஒருவரின் இழப்புக்கு மற்றவரே சாட்சியாக நிறுத்தப்பட்டனர்.

இப்பிரிவினைக்கு நடுவிலும் சில பாலங்கள் இருந்தன. சித்திரைப் புத்தாண்டு இரு சமூகத்துக்கும் ஒரே நாளில் பிறந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கிராமத்துக் காய்கறியும் தோட்டத்துச் சம்பளமும் கைமாறின. எல்லாவற்றுக்கும் மேலாகக் கதிர்காமம் இருந்தது. மாணிக்க கங்கைக் கரையில் உள்ள அத்தலத்தின் மூலக் கோயிலில் பூசை செய்வோர் கப்புறாளை எனப்படும் சிங்களப் பூசகர்கள்; அவர்கள் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னே செல்வர்; திரைக்கு அப்பால் இருப்பது என்னவென்று வழிபடுவோர் எவரும் காண்பதில்லை. ஆடித் திருவிழாவில் அங்கிருந்து யானை மீது எடுத்துச் செல்லப்படும் பேழை வள்ளியம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பும். தெய்வானையம்மன் கோயிலும், கிரி விகாரை என்ற பௌத்தத் தூபியும், பள்ளிவாசலும் அதே வளாகத்தைச் சூழ உள்ளன. வேடர் குலத்துப் பெண்ணை முருகன் மணந்த கதையைத் தமிழரும் சிங்களரும் வேடரும் தத்தம் உரிமையாகவே கொண்டாடுகின்றனர். தோட்டத்துக் குடும்பங்கள் காவடி நேர்ந்துகொண்டு இங்கே இறங்கி வந்தன. பதுளை நகரிலும் முதியங்கணை விகாரை ஒரு புறமும் கதிர்காமத் தேவாலயம் மறுபுறமும் உள்ளன. எனினும் இவ்வாலயங்களின் பொதுமையை மிகைப்படுத்திச் சொல்வது தவறாகும். விழா நாளில் அருகருகே நின்றவர்கள் விழா முடிந்ததும் தத்தம் வேலிக்குள் திரும்பினர், பக்தி மட்டும் வேலியை அகற்றிவிடவில்லை.

1927 நவம்பரில் கதர் நிதி திரட்ட இலங்கை வந்த காந்தி, மலையகப் பயணத்தின் போது பதுளைக்கும் வந்தார். தோட்டத் தொழிலாளர் தம் சொற்பக் கூலியிலிருந்து சேர்த்த பணத்தை அவரிடம் அளித்தனர். மதுவை விட்டொழிக்குமாறும் தூய்மை பேணுமாறும் அவர் அவர்களைக் கேட்டுக்கொண்டார். அவருடன் வந்த மகாதேவ தேசாய் இப்பயணத்தை மறு ஆண்டில் நூலாக்கினார். உள்ளத் தூய்மை அரசியலின் அடித்தளம் என்ற கருத்தைத் தோட்டத்து மக்கள் நேரில் கேட்ட முதற்பெரும் தருணம் அது எனலாம். அக்கருத்தில் உண்மை உண்டு. ஆனால் ஓரறையில் அடைபட்டுக் கடனில் வாழ்பவனிடம் முதலில் நீ திருந்து என்று கேட்பதற்கு ஒரு வரம்பும் உண்டு. மாற வேண்டிய உள்ளங்களின் வரிசையில் தொழிலாளி முதலாமவன் அல்லன். 1940இல் பதுளைக்கு அருகே வெவஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, தம்மால் தெரிவு செய்யப்பட்ட சபையோடு கலந்து நிர்வாகம் நடத்தத் தோட்டத்துரையை உடன்பட வைத்தபோது, அவர்கள் நிலைநாட்டியதும் ஒரு வகைச் சமாதானமே. கைகட்டி நின்றவன் எதிரே அமர்ந்து பேசும் உரிமை இல்லாத இடத்தில் இணக்கம் என்பது அடக்கத்தின் மறுபெயராகிவிடும்.

அந்த உரிமை நெடுநாள் நிலைக்கவில்லை. 1947 தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்ற மறு ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இரு அரசுகளும் சமாதான உடன்படிக்கை என்று கருதிய இவ்வேற்பாட்டில், பங்கிடப்பட்டவர்களின் கருத்து கேட்கப்படவில்லை. பதுளை மாவட்டத் தோட்டங்களிலும் அண்ணன் ஒரு கரைக்கும் தம்பி மறு கரைக்குமாகப் பிரிந்த குடும்பங்கள் பல.

இந்தப் பின்னணியில்தான் 1972 டிசம்பரில் கத்தோலிக்கத் திருச்சபை பதுளையைத் தனி மறைமாவட்டமாக, அதாவது ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள ஆட்சிப் பகுதியாக, அமைத்தது. 1959 முதல் கண்டியின் ஆயராக இருந்த லியோ நாணயக்கார, வசதியும் பெருமையும் மிக்க அப்பதவியை விட்டுப் புதிய, ஏழை மறைமாவட்டத்தைத் தானே விரும்பி ஏற்றார். சிங்களரான அவர் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி. ஊவாவில் கத்தோலிக்கர் மிகச் சிறு தொகையினர், அவர்களிலும் பலர் தோட்டத் தமிழர், சூழ்ந்திருந்தவர் பௌத்தர். அத்தகைய இடத்தில் திருச்சபையின் பணி ஆட்களைச் சேர்ப்பதன்று, ஏழையின் பக்கம் நிற்பது என்பது அவர் முடிவு. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களில் உள்ள உண்மையை மதிக்கக் கற்பித்திருந்தது. அச்சங்கத்தின் ஆவணங்களைப் பலர் நூலகத்தில் வைத்தபோது அவர் அவற்றைப் பண்டாரவளைக்குக் கொண்டுவந்தார். அங்கே அவர் தொடங்கிய சேவக செவன என்ற பயிற்சி இல்லம், குருவாகப் போகிறவன் சுவருக்குள் படித்தால் போதாது, தான் பணி செய்யப்போகும் மக்களின் வாழ்க்கைக்குள் வாழ்ந்து படிக்க வேண்டும் என்ற கொள்கையில் அமைந்தது.

சேவக செவனவில் ஆயரோடு பணியாற்ற வந்தவர்களுள் மைக்கல் ரொட்ரிகோ முதன்மையானவர். 1927இல் தெகிவளையில் பிறந்து, அமலமரித் தியாகிகள் சபையில் சேர்ந்து, 1954இல் குருவானவர் அவர். கண்டி அம்பிட்டியவில் உள்ள தேசிய குருமடத்தில் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். உரோமாபுரியிலும் பாரிசிலும் இரு முனைவர் பட்டங்கள் பெற்றார். பாரிஸ் ஆய்வின் பொருளே இக்கட்டுரையின் பொருளுக்கு நேர்முகமானது: தன்னிலிருந்து தன்னின்மைக்கு மனிதன் கடந்து செல்லும் அறப் பயணம், கிறிஸ்தவத்திலும் ஆசியாவின் ஏனைய சமயங்களிலும் எவ்வாறு விளங்குகிறது என்பது. நான் என்பது நிலையான பொருளன்று என்ற பௌத்தத்தின் அநாத்மக் கோட்பாடும், இறைமகன் தன்னையே வெறுமையாக்கிக்கொண்டார் என்ற கிறிஸ்தவ நம்பிக்கையும் ஒரே திசையில் மனிதனை அழைக்கின்றன என்பது அவர் கண்டடைந்த முடிவு. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இத்தகைய ஆய்வோடு நிறைவடைந்தவர்கள் பலர் உண்டு. ரொட்ரிகோ அந்த ஆய்வேட்டை வாழ்ந்து பார்க்கத் துணிந்தார்; அவருடைய தனித்தன்மை அதுவே.

1980 நடுப்பகுதியில் அவர் கீழ் ஊவாவில் புத்தலவுக்கு அருகே உள்ள அலுகலவிட்ட என்ற சிங்களப் பௌத்தக் கிராமத்துக்குச் சென்று குடியேறினார். அருட்சகோதரிகள் இருவர் அப்பணியில் இணைந்தனர். கோயில் கட்டவில்லை, மண்ணாலான எளிய வீடே அவர்கள் உறைவிடம். சுப செத் கெதர, அதாவது நல்வாழ்வு வேண்டும் இல்லம், என்று அதற்குப் பெயரிட்டனர். கிராமத்தவரும் பிக்குகளும் அவர்களை முதலில் ஐயத்தோடே நோக்கினர். அந்த ஐயத்துக்கு வரலாற்றுக் காரணம் இருந்தது. வெல்லஸ்ஸவை எரித்தவர்களின் சமயத்தையே இவர்களும் பின்பற்றினர். ரொட்ரிகோ அந்த ஐயத்தைக் குறையாகக் கொள்ளாமல் நியாயமாகக் கொண்டதே அவருடைய மனமாற்றத்தின் முதற்படி. மதம் மாற்ற வந்தவரல்லர் என்று அறிவிப்பதோடு நிற்காமல், 1818இல் அம்மக்களின் முன்னோர் அடைந்த அழிவைப் படித்து, அதற்குக் கிறிஸ்தவன் என்ற வகையில் தான் கடன்பட்டவன் என்ற உணர்வோடு அவர் வாழ்ந்தார். கற்பிக்கப் போனவர் கற்கப் போனவராக மாறினார்.

அவ்வில்லம் செய்த பணிகள் பார்வைக்குச் சிறியவை. மூலிகை மருத்துவம், குழந்தைகளின் உடல்நலம், படிப்பை இடைநிறுத்திய இளைஞருக்கான கல்வி, இரசாயன உரமும் கிருமிநாசினியும் இன்றிப் பயிர் செய்தல், பிக்குகளோடும் கிராமத்தவரோடும் உரையாடல் ஆகியவை அவை. அக்காலத்தில் பெல்வத்தைச் சீனித் திட்டத்துக்காகப் பெரும் பரப்பில் கரும்பு நடப்பட்டது. சேனைப் பயிர் செய்து வாழ்ந்த குடும்பங்கள் நிலத்தை இழந்தன. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மேல் ஊவாவில் கோப்பிக்காக நடந்தது கீழ் ஊவாவில் கரும்புக்காக மீண்டும் நடந்தது எனலாம். ரொட்ரிகோ இடம்பெயர்க்கப்பட்டவர்களின் பக்கம் நின்று பேசினார், எழுதினார். உள்மாற்றம் என்பது உலகைத் துறந்த அமைதி என்று கருதுவோருக்கு அவர் வாழ்க்கை மறுப்பாக அமைகிறது. தன்னை மறந்தவனுக்கே அயலவனின் நிலப் பிரச்சினை தன் பிரச்சினையாகத் தெரிகிறது.

அவர் அலுகலவிட்டவில் இருந்த ஆண்டுகள் இலங்கையின் மிகக் கொடிய ஆண்டுகளுக்குள் அடங்கும். அவர் அங்கு செல்லும் முன்னரே, 1977 ஓகஸ்டில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையில் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்ட மலையகத் தமிழர் பலர் வவுனியாவுக்குச் சென்றனர். அவர்களை நிலத்தில் குடியமர்த்த உழைத்த காந்தியம் என்ற அமைப்பை மருத்துவர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் நடத்திவந்தனர். வடக்கில் பிறந்த தமிழர் தோட்டத்துத் தமிழரைத் தம்மவராகக் கண்டு அவர்களோடு மண்ணில் இறங்கி வேலை செய்த அரிய முயற்சி அது. அதுவரை யாழ்ப்பாணம் மலையகத்தைப் பெரும்பாலும் ஒரு சமூகத் தாழ்வாகவே பார்த்துவந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1983 ஏப்ரலில் இருவரும் கைது செய்யப்பட்டனர். ஜூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். அதே நாளில் பதுளை நகரத்தில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன.

கறுப்பு ஜூலை எனப்படும், நாடெங்கும் தமிழருக்கு எதிராக மூண்ட அந்த வன்முறைக்குப் பின் ஊவாவிலிருந்தே ஒரு பதில் புறப்பட்டது. சர்வோதய இயக்கத்தை நிறுவிய ஏ. ரி. ஆரியரத்ன, கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியராக இருந்த காலத்தில், 1958இல் தம் மாணவரை கனத்தொலுவ என்ற ஒதுக்கப்பட்ட கிராமத்துக்கு அழைத்துச் சென்று சிரமதானத்தை, அதாவது உழைப்பைத் தானமாக அளிக்கும் முறையை, தொடங்கியவர். அன்பு, கருணை, பிறர் மகிழ்ச்சியில் மகிழும் முதிதை, சமநோக்கான உபேட்சை என்ற பௌத்தத்தின் நான்கு உள்ளநிலைகளைத் தனிமனிதன் வளர்க்க, அவன் விழிப்பு குடும்பத்துக்கும் கிராமத்துக்கும் நாட்டுக்கும் உலகுக்கும் பரவும் என்பது அவர் கோட்பாடு. 1983 ஒக்டோபரில் சமாதானத்துக்கான மக்கள் பிரகடனத்தை வெளியிட்ட சர்வோதயம், டிசம்பரில் கதிர்காமத்திலிருந்து நயினாதீவுக்கு நீண்ட நடைபயணம் ஒன்றைத் தொடங்கியது. தொடக்கமும் முடிவும் ஆழ்ந்து தேர்ந்தவை. நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாக விகாரையும் உள்ளன. மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவம் அத்தீவே என்று கருதுவோரும் உண்டு. தெற்கின் கடைசிப் பொதுத் தலத்திலிருந்து வடக்கின் கடைசிப் பொதுத் தலம் வரை, எரிந்த நாட்டின் ஊடாக நடப்பது நோக்கம். ஆனால் சிறிது தூரமே சென்ற நிலையில், ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனவின் வேண்டுகோளை ஏற்று நடைபயணம் நிறுத்தப்பட்டது.

நிறுத்தியது சரியா என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. ஆரியரத்னவின் நேர்மையில் ஐயமில்லை. பிற்காலத்தில் அவர் பல நடைபயணங்களையும், 2002 மார்ச்சில் அநுராதபுரத்தில் பல இலட்சம் பேர் கூடிய சமாதானத் தியானத்தையும் நடத்தினார். ஆனால் ஒப்பிட்டுப் பார்த்தால், 1992இல் கம்போடியாவில் மகா கோசானந்த பிக்கு தொடங்கிய தம்ம யாத்திரை என்ற நடைபயணம், போர் முற்றாக ஓயாத கிராமங்களின் ஊடாக நடந்து, பிந்திய ஆண்டுகளில் துப்பாக்கிச் சூட்டையும் சந்தித்து, அதன் பின்னரும் தொடர்ந்தது. 1983இன் ஊவா நடையும் தொடர்ந்திருந்தால், பதுளையில் கடை எரிந்தவனும் அதை எரித்தவனின் அயலவனும் ஒரே சாலையில் ஒருவரையொருவர் கண்டிருப்பர். அரசின் அனுமதிக்குள் அடங்கிய மனமாற்றம் அரசு விரும்பும் எல்லையிலேயே நின்றுவிடும் என்பதே அந்நிகழ்வின் மீது வரலாறு தரும் தீர்ப்பு.

1987 ஜூலையில் இந்திய – இலங்கை உடன்படிக்கை கைச்சாத்தானது. உடன்படிக்கையை எதிர்த்துத் தெற்கில் இடதுசாரிக் கட்சியான ஜனதா விமுக்தி பெரமுனவின் இரண்டாம் கிளர்ச்சியும் அதை அடக்கும் அரச வன்முறையும் தலையெடுத்தன. ஏழை இளைஞரோடு பழகியவர் எவரும் இரு தரப்பின் சந்தேகத்துக்கும் உள்ளாகும் காலம் அது. வெளியேறிவிடலாமா என்று அவ்வில்லத்தார் ஆராய்ந்தனர். மக்களை விட்டு நீங்குவதில்லை என்பதே முடிவாயிற்று. நவம்பர் 10ஆம் திகதி மாலை, அவ்வீட்டில் திருப்பலி, அதாவது கத்தோலிக்க வழிபாடு, முடிவுறும் தறுவாயில் வெளியிலிருந்து வந்த துப்பாக்கிச் சூட்டில் ரொட்ரிகோ உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது 60. ஏழு ஆண்டுகளில் அவர் ஒருவரையும் மதம் மாற்றவில்லை. அலுகலவிட்டவின் பௌத்தர்கள் அவரைத் தம்மவராகவே துக்கித்தனர்; அவர் பெயர் அக்கிராமத்தில் இன்றும் நிலைத்திருக்கிறது.

பதின்மூன்று ஆண்டுகளின் பின், அவர் முன்பு கற்பித்த பண்டாரவளைக்கு அருகிலேயே, பிந்துனுவெவ என்ற இடத்தில் மனித இரக்கம் முற்றாகத் தோற்றது. அங்கே அரசு நடத்திய புனர்வாழ்வு முகாமில் தமிழ் இளைஞர் 41 பேர் இருந்தனர். விடுதலைப் புலிகளோடு தொடர்பிருந்ததாகச் சந்தேகிக்கப்பட்டவர்களும் சரணடைந்தவர்களுமான அவர்களுள் சிறுவரும் அடங்குவர். 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி காலை, கத்தியும் தடியும் ஏந்திய பெருங்கூட்டம் முகாமுக்குள் புகுந்து குறைந்தது 27 பேரைக் கொன்றது. ஆயுதம் தாங்கிய பொலிஸார் அவ்விடத்திலேயே இருந்தும் அதைத் தடுக்கவில்லை. கொன்றவர்களுள் அயல் கிராமத்தவரும் இருந்தனர். பன்சலை எனப்படும் பௌத்த விகாரைக்குச் சென்று சில் என்ற நோன்பு எடுத்து, கருணையைப் பற்றிய போதனையைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்த சமூகத்தைச் சேர்ந்தவர்கள் அவர்கள். சமய போதனை மட்டுமே மனிதனைக் காக்கும் என்றால் பிந்துனுவெவ நடந்திருக்கக் கூடாது. அதே காரணத்தால், மனிதன் இயல்பிலேயே கொடியவன் என்று முடிவு கட்டுவதும் பொருந்தாது. 1983இல் ஆயினும் பிற வன்முறைகளில் ஆயினும் அயல்வீட்டுத் தமிழரைத் தம் வீட்டில் மறைத்துக் காத்த சிங்களரும் அதே போதனையைக் கேட்டவர்களே. வேறுபாடு கேட்ட போதனையில் இல்லை. காத்தவனுக்கு மறைந்திருந்தவரின் முகமும் பெயரும் தெரிந்திருந்தன. முகாமுக்குள் இருந்தவர்களோ கூட்டத்துக்குப் புலி என்ற ஒரு சொல்லாக மட்டுமே இருந்தனர். லயன் வரிசை ஆண்டாண்டு காலமாகச் செய்துவந்த பிரிப்பை முகாமின் வேலி அன்று முழுமையாக்கியது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்கள் மீது மலை சரிந்தபோது வேறொரு காட்சி காணப்பட்டது. லயன் வரிசைகள் பல மண்ணுக்குள் புதைந்தன. அந்த மலை சரியக்கூடும் என்று ஆய்வாளர் முன்னரே எச்சரித்திருந்தும் மக்கள் அங்கேயே வாழ விடப்பட்டிருந்தனர். தப்பியோர் கொஸ்லந்தை, பூணாகலைத் தமிழ்ப் பாடசாலைகளில் தஞ்சமடைந்தனர். நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும், விகாரைகளிலிருந்தும் பள்ளிவாசல்களிலிருந்தும் கோவில்களிலிருந்தும், உணவும் உடையும் வந்து குவிந்தன. மனிதரின் இரக்க இயல்புக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் இரக்கம் வந்து சேர்ந்தது மலை சரிந்த பின்னரே. எச்சரிக்கை கிடைத்த நாளில் அந்தக் குடும்பங்களுக்கு வேறு நிலம் கொடுக்கும் அளவுக்கு அது முன்கூட்டி எழவில்லை.

ஊவாவின் இந்நீண்ட அனுபவத்தில் மனமாற்றம் சமாதானமாகக் கனிந்த இடங்களைத் தேடினால், அவை அனைத்திலும் ஒரு பொதுத்தன்மை காணப்படுகிறது. கண்டியை விட்டுப் பதுளைக்கு வந்த ஆயர், குருமடத்தை விட்டு மண்வீட்டுக்குச் சென்ற பேராசிரியர், வசதியான தொழிலை விட்டு வவுனியாக் காட்டில் அகதிகளோடு உழைத்த மருத்துவர் ஆகியோரின் உள்ளத்து மாற்றம், அவர்கள் வாழும் இடத்தையும் உண்ணும் பந்தியையும் பேசும் மொழியையும் மாற்றியது. அம்மாற்றம் பிரார்த்தனையாகவும் பிரகடனமாகவும் மட்டும் நின்ற இடங்களில் முதல் நெருக்கடியிலேயே அது கலைந்தது. மூவருள் ஆயர் நோயுற்று 1982இல் மறைந்தார்; மற்ற இருவரும் கொல்லப்பட்டனர்.

நாடற்றோர் பிரச்சினை 1988ஆம் ஆண்டின் சட்டத்தாலும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாலும் ஒருவாறு தீர்ந்தது. காணியுரிமையும் தனி வீடும் இன்னும் பல குடும்பங்களுக்குக் கிட்டவில்லை. பிந்துனுவெவ வழக்கில் 2003இல் மரண தண்டனை விதிக்கப்பட்ட ஐவரும் 2005 மே மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர், வேறெவரும் தண்டிக்கப்படவில்லை. மைக்கல் ரொட்ரிகோவைச் சுட்டவர் யார் என்பது எந்த நீதிமன்றத்திலும் நிறுவப்படவில்லை. பதுளை, மொனராகலை மாவட்டங்களின் பாடசாலைகள் 1818ஆம் ஆண்டின் வீரர்களைக் கற்பிக்கும் அதே வரலாற்றுப் பாடத்தில் அலுகலவிட்டவையும் பிந்துனுவெவவையும் தமிழ் மாணவருக்கும் சிங்கள மாணவருக்கும் ஒருங்கே கற்பிக்க வேண்டும். தோட்டத்துப் பிள்ளையும் நாட்டுப் பிள்ளையும் அப்பாடத்தை ஒரே வகுப்பறையில் இருந்து படிக்கும் ஏற்பாட்டை மாகாணக் கல்வித் திணைக்களம் செய்ய வேண்டும்.